சித்திரை மாதத்து ஆறு

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து கேட்கிறவர்களுக்கு நம் பாலக்காட்டுச் சித்தூர்ப்புழை ஆறு எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் பார்த்த ஆற்றைச் சித்திரையிலும் பார்த்திருப்பீர்கள்.

சின்ன வயதில் சித்திரை வந்தால் எங்கள் அம்மாயி ஆற்று மணலில் ஊற்று தோண்டுவார். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்து ஈரம் கசியும். முதலில் ஊறும் கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாவது ஊறுவதையும் ஊற்றிவிடுவார். மூன்றாவதுதான் குடத்துக்கு. எந்த வருடம் முழங்கை ஆழம், எந்த வருடம் தோள் ஆழம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆற்றுக்கு மாதக் கணக்கு வைத்திருந்த மனுஷி அவர்.

நான் சொல்ல வந்ததும் அந்த மாதக் கணக்கைத்தான். இன்று ஆற்றுநீர்ப் பங்கீட்டைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். வீப் என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஆற்றில் குறைந்தது இவ்வளவு ஓட வேண்டும் என்று மாதத்துக்கு ஓர் எண் அதில் கொடுக்கலாம். 12 மாதத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி. அதை வருடம் முழுக்கப் பரப்பினால் வினாடிக்குச் சுமார் 230 கன அடி. கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. சரி, சித்திரையில் அந்த 230 எங்கே?

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுப்பதும் ஆகாது. 1976இல் அமெரிக்காவில் டென்னன்ட் என்பவர் ஒன்று கொடுத்தார். ஆறு நன்றாக இருக்க, சராசரி ஓட்டத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 40 சதவீதம் வேண்டும் என்றார். அங்கே ஏப்ரலுக்குப் பிறகு பனி உருகி ஆறு பெருகும். இங்கே ஏப்ரலில் மணல்தான். ஐப்பசி மழையில் குறைவாகவும் கோடையில் இரட்டிப்பாகவும் கேட்கிற கணக்கு நம் ஆற்றுக்கு எப்படிப் பொருந்தும்?

நம் ஆற்றின் தினசரி அளவுகளையே மாதவாரியாகப் பிரித்து, 100 நாளில் 95 நாள் குறைந்தது எவ்வளவு ஓடியது என்று பார்க்கலாம். ஆனால் அணைக்குப் பிந்தைய அளவு மட்டும் போதாது. மெலிந்துபோன ஆறே அளவுகோலாகிவிடும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வீப்பில் கொடுக்கும் முன்னுரிமை எண்ணைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக, அது 1 முதல் 99 வரை. சிறிய எண்ணுக்குத்தான் முதலில் தண்ணீர். குடிநீருக்கு 1 கொடுங்கள், ஆற்றுக்கு 2 கொடுங்கள். 99 கொடுத்தால் எல்லாரும் எடுத்த பிறகு மிச்சமிருந்தால்தான் ஆற்றுக்கு. வணக்கம்.