போகும்போது நம்மிடம் என்ன மிஞ்சும்?

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகளாக வார்ப்புப் பட்டறை நடத்தி வருகிறேன். வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் வந்து, "யாரை நம்பலாம், ஐயா?" என்று கேட்பார்கள். நான் அவர்களிடம் வேறொன்று கேட்பேன்: கூட்டாளி விலகிப் போகும் நாளில் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

எங்கள் ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து பாகங்களாக வந்த புல்லட் மோட்டார் சைக்கிளைத் திருவொற்றியூரில் பொருத்தினார்கள். அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் பொருத்துகூடம். ஆனால் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் இங்கே வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் ஆலைச் சங்கு தொடர்ந்து ஊதியது. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மணலிச் சுத்திகரிப்பு ஆலையும் கூட்டு முயற்சியில் பிறந்ததுதான். 1965-ல் இந்திய அரசு 74 விழுக்காடு, அமெரிக்காவின் அமோகோ 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் 13 என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருவரிடம் கச்சா எண்ணெய், இன்னொருவரிடம் சுத்திகரிப்பு அனுபவம், நம்மிடம் நிலமும் சந்தையும். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவந்தார். 1985-ல் அமோகோ தன் பங்கை விட்டு விலகியது. ஆலை நிற்கவில்லை.

என் அனுபவம் கசப்பானது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்குப் பம்பு உறைகள் வார்த்துக் கொடுத்தோம். அவர்களே அச்சுகளை அனுப்பினார்கள். செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனைக்கும் கையெழுத்திட்டேன். நான்காம் ஆண்டு ஒரே ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் அச்சுகளைக் கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டுப் பேருக்கு அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நான் நகை அடகு வைத்தேன். ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், அச்சு யாருடையது, வரைபடம் யாருடையது, ஒப்பந்தம் முடிந்த பிறகு அதைக்கொண்டு நாம் தொழில் செய்யலாமா என்பதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அப்போதே முகம் சுளிப்பவர் பிறகு மாறமாட்டார். அவரோடு இப்போது தொழில் செய்கிறவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். முன்பு செய்து பிரிந்தவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பாக்கி தீர்ந்ததா, எத்தனை மாத அவகாசம் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பிணக்கு வந்தால் எந்த நாட்டில், எந்தச் சட்டப்படி நடுவர் தீர்ப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்கும் 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு. கூட்டாளியின் நாடும் அதில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கூட்டாளியிடம் நான் இதையெல்லாம் கேட்டேன். கொரியாவிலிருந்து வந்த பொறியாளர் அவர். பதில் சொல்லும் முன் உலையருகே போய், என் மூத்த வார்ப்பாளர் அண்ணாச்சி மணல் இடிப்பதை அரைமணி நேரம் நின்று பார்த்தார். பிறகு, "அச்சை இங்கேயே செய்வோம், பாதிச் செலவு உங்களுடையது, பாதி உரிமையும் உங்களுடையது" என்றார். அன்று மாலையே வக்கீலுக்குப் போன் செய்தேன்.

வணக்கம்.