டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் கூலி கொடுப்பது யார்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசைமேல் செத்துப்போன டர்போ ஒன்று. பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஓரமாகத் தூக்கிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். நத்தைக் கூடு மாதிரி இரண்டு, நடுவில் ஒரே ஷாஃப்ட். துருவேறிக் கிடக்கிற இந்தப் பக்கம் இன்ஜின் புகை வருகிற பக்கம். வெள்ளையாக, அலுமினியத்தில் இருக்கும் அந்தப் பக்கம் காற்றை இழுத்து அமுக்குகிற பக்கம். புகை இந்தச் சக்கரத்தைச் சுற்றினால், அந்தச் சக்கரமும் சேர்ந்து சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், பவர் ஏறும். சங்கதி அவ்வளவுதான்.

சூப்பர்சார்ஜர் செய்வதும் இதே வேலைதான். ஆனால் ஏசி கம்ப்ரஸர் மாதிரி, இன்ஜின் தன் சக்தியால் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டிலிருந்து வருகிற பெல்ட்தான் அதைச் சுற்றும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுமே காற்று தயார். டர்போவில் புகை பெருகி, சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதைத்தான் லேக் என்கிறோம்.

அப்படியானால் எல்லாக் காரிலும் சூப்பர்சார்ஜரையே வைக்கலாமே? அங்கேதான் கூலிக் கணக்கு வருகிறது. அமெரிக்காவின் டாட்ஜ் ஹெல்கேட், 2015 மாடல்: 6.2 லிட்டர் வி8, 707 குதிரைத்திறன். அதன் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே சுமார் 80 குதிரைத்திறன் போய்விடுகிறது. நம் ஊர்ச் சின்னக் கார் ஒன்றின் மொத்த பவர்! டர்போவுக்குச் சாப்பாடு, வீணாகப் போகிற புகை. ஆல்ஃபிரெட் பியூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-இல் இதற்குப் பேட்டன்ட் வாங்கியதும் அப்படிப் புகை வீணாவதைப் பார்த்துத்தான். முழுக்க ஓசி என்று சொல்ல மாட்டேன், வழியில் டர்போ நிற்பதால் புகை வெளியேற இன்ஜின் கொஞ்சம் முக்க வேண்டும். ஆனாலும் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் கார்களில் டர்போ வருகிறதே, காரணம் இந்தச் சிக்கனம்தான். ஹெல்கேட்டின் சூப்பர்சார்ஜர் போடுகிற ஊளைச் சத்தம் மட்டும் டர்போவில் வராது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இரண்டையும் ஒரே இன்ஜினில் வைத்தவர்களும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் 2005-இல் கொண்டுவந்த 1.4 டிஎஸ்ஐ இன்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற சுற்று குறைவாக இருக்கும்போது, சூப்பர்சார்ஜர் கைகொடுக்கும், 3500-ஐத் தாண்டினால் டர்போ மட்டும். அருமையான யோசனை, ஆனால் செலவும் சிக்கலும் இரட்டிப்பு.

சரி, நம் டர்போ எப்படிச் செத்தது? ஷாஃப்டை ஆட்டுகிறேன், கடகடவென்று கேட்கிறதா? பிளேடு நுனி கூட்டில் உரசிய தடம் இதோ. ஷாஃப்ட் தேயாமல் சுற்ற, இந்த ஓட்டை வழியாகத்தான் இன்ஜின் ஆயில் உள்ளே வரவேண்டும். உள்ளே பாருங்கள், கரி கட்டி அடைத்திருக்கிறது. ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். பல சூப்பர்சார்ஜர்களுக்குத் தனி ஆயில் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அடுத்த வீடியோவில் இதை நடுவில் அறுத்துக் காட்டுகிறேன், கிரைண்டர் கடன் கிடைத்தால்.