வாடகைக்கு ஒரு கணினி

(கரூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

2020 மார்ச் 24 உங்களுக்கு நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை. மாலை 6 மணியிலிருந்து 144 என்று சொல்லிவிட்டார்கள். நாலு மணிக்கு எனக்கு ஒரு போன். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் கணக்காளர். "அண்ணே, சி.பி.யு.வைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? ஒண்ணும் ஆயிடாதே?" என்றார். ஆகாது, எடுத்துப் போங்கள் என்றேன். போர்வையில் சுற்றி, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கம் வைத்து, முழங்காலால் அணைத்துக்கொண்டே வாங்கல் கிராமத்து வீடு வரை ஓட்டிப் போயிருக்கிறார். வீட்டில் ஆன் செய்தால் கணினி நன்றாக ஓடுகிறது. கணக்குதான் இல்லை. கணக்கெல்லாம் ஆபீஸ் சர்வரில். சர்வர் பூட்டிய ஷட்டருக்கு உள்ளே.

அந்த ஷட்டரைப் பற்றியும், அதைத் தாண்ட உதவும் கிளவுட் டெஸ்க்டாப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கிளவுட் டெஸ்க்டாப் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. உங்கள் விண்டோஸ், உங்கள் டேலி கணக்கு மென்பொருள், உங்கள் எக்செல் எல்லாம் மும்பையிலோ புனேயிலோ ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் ஓடும். உங்கள் மேஜையில் திரையும் கீபோர்டும் இருந்தால் போதும். நீங்கள் தட்டுகிற எழுத்து இங்கிருந்து போகும். திரையில் மாறிய இடத்தின் படம் மட்டும் அங்கிருந்து வரும். கணக்கு ஃபைல் இருந்த இடத்தை விட்டு அசையாது. வீட்டுக் கணினியை ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் வி.பி.என். போட்டு ஆபீஸ் சர்வரில் இருக்கும் டேலி ஃபைலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே ஃபைலே லைனில் இழுபட்டு வர வேண்டும். ஒரு லெட்ஜரைத் திறந்துவிட்டு டீ குடித்து வரலாம்.

யோசனை பழையதுதான். 1985ல் டெல்லியில் ரயில் முன்பதிவைக் கணினிக்கு மாற்றியபோது, கவுண்ட்டரில் இருந்தவர் முன்னால் வெறும் திரையும் கீபோர்டும்தான் இருந்தன. கணக்குப் போட்ட இயந்திரம் வேறொரு அறையில். அதே வேலையை விண்டோஸுக்குப் பழக்கியது 1989ல் தொடங்கிய சிட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி. அப்புறம் இதையே சேவையாகக் கொடுக்க 2014ல் அமேசான் வொர்க்ஸ்பேசஸ் வந்தது, 2019ல் மைக்ரோசாஃப்ட், 2021ல் அவர்களுடைய விண்டோஸ் 365. பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் நம் தெருவுக்கு வர இத்தனை காலம் ஆயிற்று.

சரி, இதை வாங்குவது என்று சொல்லாதீர்கள். இது வாடகை. வாடகைக்குப் போகிறவன் என்னென்ன கேட்பானோ அதெல்லாம் கேட்க வேண்டும்.

முதலில், வீடு எங்கே இருக்கிறது? அதாவது, சர்வர் எந்த ஊரில்? இணையம் வருகிற கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பை இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்; போய்வர 10 மில்லி நொடி. அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒன்றுமே தடுக்காவிட்டாலும் போய்வர 130 மில்லி நொடி. நடைமுறையில் இன்னும் கூடும். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நாளெல்லாம் வவுச்சர் போடுகிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். கை முன்னால் போகும், கர்சர் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். மாதம் முந்நூறு ரூபாய் குறைகிறதென்று அமெரிக்க சர்வரில் எடுத்துக் கொடுத்த ஒரு முதலாளியை எனக்குத் தெரியும். பத்தாம் நாள் அந்தப் பெண் பழைய கணினிக்கே திரும்பிவிட்டார். மைக்ரோசாஃப்ட் 2015லேயே சென்னை, புனே, மும்பையில் டேட்டா சென்டர் திறந்துவிட்டது. அமேசான் 2016ல் மும்பையிலும் 2022ல் ஹைதராபாத்திலும். பிறகு ஏன் கடல் தாண்ட வேண்டும்? பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. கணக்குப் புத்தகங்களின் பேக்கப் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022ல் விதியைத் திருத்தினார்கள். உங்கள் ஆடிட்டர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள்.

இரண்டாவது, கரண்ட் பில் மாதிரி ஓடுகிற வாடகை. இங்கேதான் பலர் சூடு பட்டுக்கொள்கிறார்கள். மாதத்துக்கு ஒரே தொகை என்று ஒரு வகை உண்டு. ஓடுகிற மணிக்கு மட்டும் காசு என்று இன்னொரு வகை. ஒரு மாதத்தில் 730 மணி நேரம். நம் ஆபீஸ் ஓடுவது 26 நாள், ஒன்பது மணி நேரம், ஆக 234. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் மணிக்கணக்கு லாபம்தானே? லாபம்தான், நிறுத்தத் தெரிந்தால். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் கணக்காளர் தினமும் மாலை ஒழுங்காக ஸ்டார்ட் மெனு போய் ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் போனார். மாதக் கடைசியில் பில் 730 மணி நேரத்துக்கும் வந்தது. அவர்கள் எடுத்திருந்த மைக்ரோசாஃப்ட் கிளவுடில், விண்டோஸுக்குள் ஷட் டவுன் கொடுப்பது லாட்ஜ் அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவது மாதிரி. சாவியை ரிசப்ஷனில் கொடுத்தால்தான் வாடகை நிற்கும். கிளவுட் கணக்குக்குள் போய் இயந்திரத்தையே விடுவிக்க வேண்டும், அல்லது இரவு எட்டு மணிக்குத் தானாக நிற்கும்படி நேரம் குறித்து வைக்க வேண்டும். அப்போதும் டிஸ்க்குக்கான காசு ஓடும். உள்ளே உங்கள் சாமான் இருக்கிறதே.

மூன்றாவது, சில்லறைத் தொல்லைகள். விற்கிறவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென் டிரைவ் மாதிரியான டோக்கனை இங்கே யு.எஸ்.பி.யில் சொருகினால் அங்கே மும்பையில் தெரிய வேண்டும். சில டோக்கன் தெரியும், சிலது முரண்டு பிடிக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பாதி இன்வாய்ஸ் ஒரு பக்கம், மீதி அடுத்த பக்கம் என்று வரும். தமிழில் டைப் செய்கிறவர்கள் தமிழ்99 விசைப்பலகை மென்பொருளை இங்கே இருக்கும் கணினியில் வைத்துவிட்டு, எழுத்து வரவில்லையே என்று தலையைச் சொறிவார்கள். எழுத்து உருவாவது அங்கே. அங்கேதான் அதைப் பொருத்த வேண்டும். காசு கட்டுவதற்கு முன்னால் உங்கள் டோக்கன், உங்கள் பிரிண்டர், உங்கள் தமிழ், மூன்றையும் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

பூட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளவுடில் இருந்தால் பத்திரம் என்பது பாதிதான் உண்மை. காம்பவுண்டுக்கு வாட்ச்மேன் இருக்கிறார். உங்கள் அறைக் கதவை நீங்கள்தான் பூட்ட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலான ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்து, பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123ம். அப்படி வைத்திருந்த ஒரு அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை எல்லா ஃபைலும், உள்ளே புகுந்த திருடன் போட்ட பூட்டில் கிடந்தன. பேக்கப்பும் அதே இயந்திரத்தில் இருந்ததால் அதுவும் போயிற்று. போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். வெறும் திரைதானே என்று அப்டேட் நின்றுபோன பழைய விண்டோஸ் பெட்டியில் வேலை செய்வதும் ஆபத்து. நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு அந்தப் பெட்டி வழியாகத்தானே போகிறது?

எல்லோருக்கும் இதை எடுக்காதீர்கள். மெயிலும் வாட்ஸ்அப்பும் மட்டும் பார்க்கிற பேக்கிங் செக்ஷன்காரருக்கு பிரவுசர் போதும். டிசைனருக்கு கிராஃபிக்ஸ் கார்டுள்ள இயந்திரம் தேவை. அந்த வாடகை கண்ணைக் கட்டும். கணக்கு, பில்லிங், வெளியூர் போய் ஆர்டர் எடுக்கிற ஒருவர், சென்னையில் இருக்கும் உங்கள் ஆடிட்டருக்கு ஒன்று. இவ்வளவில் தொடங்கினால் போதும். ஒப்பந்தம் போடும் முன், காலி செய்யும்போது என் டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் கொடுப்பீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கை தூக்கினார். நூல் கடை வைத்திருக்கிறார். "தம்பி, எல்லாம் சரி. கரண்ட் போனா?"

உங்கள் திரை அணைந்து போகும் ஐயா. அங்கே இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் மறுபடி உள்ளே போனால் பாதி அடித்த வவுச்சர் அப்படியே இருக்கும். தொகைக்குப் பக்கத்தில், நீங்கள் விட்ட இடத்தில், கர்சர் மின்னிக்கொண்டிருக்கும்.

"டவரும் போயிட்டா?"

அன்றைக்கு நோட்டில் எழுத வேண்டியதுதான் என்றேன். "அது என்கிட்ட இருக்கு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.