தோரையும் ஓடினையும் இன்றும் வணங்குகிறார்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் அப்படியே படித்துவிடுகிறேன். "ஐஸ்லாந்தில் தோர், ஓடின் முதலிய பழைய தெய்வங்களை வணங்கும் ஒரு மதம் அரசு அங்கீகாரத்தோடு இருக்கிறது என்கிறார்கள். இது ஆயிரம் ஆண்டுகளாக விடாமல் வருவதா, அல்லது சினிமா பார்த்த மயக்கத்தில் கிளம்பியதா? விலங்குகளைப் பலியிடுகிறார்களா? வெள்ளை இனவெறியர்களின் அமைப்பு என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? வெளியாட்கள் போய்ப் பார்க்க முடியுமா?" ஒரே மூச்சில் நான்கு கேள்விகள். வரிசையாகவே போவோம், ஆனால் முதல் கேள்விக்குத்தான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளாக விடாமல் வருகிறதா என்றால், இல்லை. அது அறுந்துபோன இடமும் ஏறத்தாழ நாளும் நமக்குத் தெரியும். கி.பி. 1000 வாக்கில், திங்வெட்லிர் என்ற திறந்தவெளியில் கூடும் ஐஸ்லாந்தின் பொதுச்சபையில், புதிதாகக் கிறித்தவரானவர்களும் பழைய தெய்வங்களை விடாதவர்களும் கைகலக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். முடிவு சொல்லும் பொறுப்பு சட்டம் உரைப்பவரான தோர்கெய்ர் என்பவரிடம் விடப்பட்டது. அவர் பழைய தெய்வங்களைச் சேர்ந்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தவர், சட்டத்தைக் கிழித்தால் அமைதியும் கிழிந்துவிடும், ஆகவே நாட்டில் எல்லோரும் ஒரே சட்டத்தின் கீழ் கிறித்தவர்களாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பில் சில விலக்குகளும் இருந்தன: குதிரை இறைச்சி உண்ணலாம், பிறந்த குழந்தையைக் கைவிடும் பழைய வழக்கம் தொடரலாம், பழைய தெய்வங்களுக்கு மறைவாகப் படையலிடலாம், ஆனால் அதைச் சாட்சிகள் பார்த்துவிட்டால் மூன்று ஆண்டு நாடு கடத்தல். அந்த விலக்குகளும் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டன.

பிறகு மொழியிலிருந்தும் அந்தத் தெய்வங்கள் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டன. ஆங்கிலத்தில் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு கிழமைகளும் இன்றுவரை டீர், ஓடின், தோர், ஃப்ரிக் என்னும் தெய்வங்களின் பெயரில்தான் இருக்கின்றன. ரோமானியர்களின் கோள்வாரம் வடக்கே போனபோது ஒவ்வொரு கோளுக்கும் ஈடாக உள்ளூர்த் தெய்வம் ஒன்றை வைத்தார்கள். அதே கோள்வாரம் கிழக்கே வந்ததனால்தான் நம்முடைய வியாழக்கிழமையும் அவர்களுடைய தோர் கிழமையும் ஒரே நாளில் விழுகின்றன. ஆனால் தோரின் கதைகளைக் கட்டிக்காத்த ஐஸ்லாந்தில் மட்டும், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோலாரில் இருந்த ஆயர் யோன் என்பவரின் கண்டிப்பினால், வியாழக்கிழமை வெறும் 'ஐந்தாம் நாள்' ஆகிவிட்டது. 'ப்ளோட்' என்ற சொல்லின் கதி இன்னும் மோசம். பழைய மொழியில் அதற்குப் படையலிட்டு வழிபடுதல் என்று பொருள். இன்றைய ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்குக் கெட்ட வார்த்தை பேசுதல் என்றும் பொருள் உண்டு. வழிபாடு வசையாகிவிட்டது.

அப்படியானால் மிஞ்சியது என்ன? பாட்டுதான் மிஞ்சியது. கிறித்தவர்களாகிவிட்ட ஐஸ்லாந்துக்காரர்களே, மதம் மாறி இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, தெய்வங்களைப் பற்றிய பழம்பாடல்களை ஏட்டில் எழுதி வைத்தார்கள். 1220 வாக்கில் ஸ்னோர்ரி ஸ்டுர்லுஸோன் உரைநடையில் தொகுத்த 'எட்டா' என்னும் தெய்வக்கதை நூலும், 1270 வாக்கில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட 'கோடெக்ஸ் ரேகியுஸ்' என்னும் சுவடியில் உள்ள 'பாட்டு எட்டா' என்னும் பாடல் தொகுப்பும்தான் இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு மூலம். அந்தச் சுவடி 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க் அரசரிடம் போய்ச் சேர்ந்து, 1971 ஏப்ரல் 21 அன்று போர்க்கப்பலில் ரெய்க்யாவிக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்க்கத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள்.

சரியாக ஓராண்டு கழித்து, 1972 ஏப்ரல் 20 அன்று, ஐஸ்லாந்து நாட்காட்டியில் 'கோடையின் முதல் நாள்' எனப்படும் விடுமுறை தினத்தில், ஆசாத்ரூவார்ஃபியெலாகித் என்ற சங்கம் தோன்றியது. ஆசாத்ரூ என்றால் ஏசிர் என்னும் தெய்வக் குலத்தின் மீதுள்ள விசுவாசம் என்று பொருள், மற்றது சங்கம். அன்று வியாழக்கிழமை. கோடையின் முதல் நாள் எப்போதும் வியாழனில்தான் வரும் என்பதால் அதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. ஆக, சினிமா மயக்கமா என்ற சந்தேகத்துக்கும் விடை கிடைத்துவிட்டது: திரையில் சுத்தியல் சுழற்றும் தோர் வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே இந்தச் சங்கம் இருந்தது.

அதன் முதல் தலைவர் ஸ்வெய்ன்ப்யோர்ன் பெய்ன்டெய்ன்ஸ்ஸோன் ஆடு வளர்க்கும் விவசாயி, கூடவே கவிஞர்; ரீமுர் எனப்படும் பழைய கதைப்பாடல்களை இழுத்து ஓதுவதில் தேர்ந்தவர், அவற்றின் யாப்பைப் பற்றி நூல் எழுதியவர். பிற்காலத்தில் நீண்ட வெண்தாடியோடு பங்க் இசைக்குழுக்களின் மேடைகளில் ஏறி அதே பாடல்களை ஓதியிருக்கிறார் என்றால், மனிதரைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளலாம். 1972 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்பு, சங்கத்தைப் பதிவு செய்யுமாறு கேட்க அவரும் நண்பர் ஒருவரும் அமைச்சரைப் பார்க்கப் போனார்கள். அமைச்சர் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தாராம். அவர்கள் வெளியேறிய சற்று நேரத்தில் இடியும் மின்னலுமாகப் புயலடித்து, நகரின் நடுப்பகுதியில் மின்சாரம் போய்விட்டது. இடிக்குத் தெய்வம் தோர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமாதலால், பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. நாட்டின் லூத்தரன் பேராயர் மட்டும் சிரிக்கவில்லை. கடவுளுக்குத் தொண்டு செய்யச் சங்கம் அமைக்கலாம் என்று அரசியலமைப்பு சொல்வது ஒரே கடவுளைக் கொண்ட சமயங்களுக்குத்தான் பொருந்தும் என்று அவர் வாதாடினார். அது எடுபடவில்லை. 1973 மே மாதத்தில் பதிவு கிடைத்தது. அதோடு சட்டப்படி செல்லும் திருமணம் நடத்திவைக்கும் உரிமையும், உறுப்பினர் கணக்குப்படி அரசு எல்லா மதச் சங்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் வரிப்பங்கும் கிடைத்தன. தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த சங்கத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அது சிறிய எண்ணிக்கை அன்று.

இவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வியின் அடியில் அதுதான் இருக்கிறது. சங்கத்தின் உள்ளேயே பலர் ஆசாத்ரூ என்ற பெயரை விட 'சிதுர்' என்ற பழைய சொல்லையே விரும்புகிறார்கள். சிதுர் என்றால் வழக்கம். மதம் என்ற கருத்துக்கு அந்தக் காலத்து மக்களிடம் இருந்த சொல்லும் அதுதான்: பழைய வழக்கம், புதிய வழக்கம், அவ்வளவே. 2003 முதல் தலைமைக் கோதியாக, அதாவது தலைமைப் பூசகராக, இருக்கும் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்ஸ்ஸோன் ஓர் இசையமைப்பாளர். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண்ணரான ஓடின் சவாரி செய்கிறார் என்பதை யாரும் எழுத்துப்படி எடுத்துக்கொள்வதில்லை, அவை இயற்கையின் ஆற்றல்களையும் மனித மனத்தையும் பேசும் உருவகங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தெய்வங்கள் மெய்யாகவே இருக்கிறார்கள் என்று கருதும் உறுப்பினர்களும் உண்டு. இரு சாராரும் ஒரே தீயைச் சுற்றி நிற்க முடிகிறது, ஏனென்றால் விசுவாசப் பிரமாணம் என்ற ஒன்று அங்கே கிடையாது. என் பார்வையில் இது குறை அன்று. அறுந்துபோனதை அறுந்துபோனது என்று ஒப்புக்கொண்டு, கையில் உள்ள பாட்டைக் கொண்டு வழிபாட்டைக் கட்டியிருக்கிறார்கள். பாட்டுக்கு நூறு பொருள் இருக்கலாம், அதை ஓதுவதற்கு ஒரு பொருளை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இனி ப்ளோட் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். கோடை நடுவில் திங்வெட்லிரில், அதே பழைய சபை கூடிய வெளியில், ஒரு வியாழக்கிழமையன்று நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எரிமலைப் பாறையின் கரிய சுவர், முன்னால் ஆறு, பெரும்பாலும் தூறல். மக்கள் வட்டமாக நிற்பார்கள். சிலர் கம்பளி மேலங்கியோடு, பலர் சாதாரண மழைச்சட்டையோடு. நடுவே தீ. கோதி முதலில் செய்வது சமாதான அறிவிப்பு: இந்த வட்டத்துக்குள் பகையில்லை, யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கலாகாது என்பதை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றவை தொடங்கும். பிறகு எட்டாவிலிருந்து பாடல்கள், சாதாரணப் பேச்சுக் குரலில் அன்று, ஒரே சுருதியில் இழுத்து ஓதப்படும். அடுத்து மாட்டுக்கொம்பில் பானத்தை நிரப்பிச் சுற்றுக்கு விடுவார்கள். கொம்பைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் சாய்ந்துவிடும்; ஆகவே கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர் ஒரு தெய்வத்தின் பெயரையோ, மறைந்த பாட்டியின் பெயரையோ, அந்த நிலத்துக் காவல் தேவதைகளையோ சொல்லி வாழ்த்திவிட்டு ஒரு வாய் குடிப்பார். 'நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்கும்' என்பது பழைய நூல்களிலேயே உள்ள வாழ்த்து. இன்றும் அதே சொற்கள்தான். மிச்சத்தில் கொஞ்சம் தரையில் ஊற்றப்படும். அதன் பின் விருந்து. குளிர்காலச் சங்கிராந்தி, கோடையின் முதல் நாள், அக்டோபரில் குளிர்காலத் தொடக்கம் என்று ஆண்டின் மற்றப் பெரிய ப்ளோட்களும் இதே அமைப்பில் நடக்கும். குழந்தைக்குப் பெயரிடுதலும், கிறித்தவ உறுதிப்பூசுதலுக்கு ஈடாகப் பதின்பருவத்தினருக்குச் செய்யும் சடங்கும், திருமணமும், அடக்கமும் உண்டு. ரெய்க்யாவிக்கின் இடுகாடு ஒன்றில் அவர்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. சாவு வீட்டில் ஹாவமால் என்னும் பாடலின் வரிகளைக் கேட்கலாம்: கால்நடை சாகும், சுற்றம் சாகும், நீயும் அவ்வாறே சாவாய், நல்ல பெயர் எடுத்தவனுக்கு அந்தப் பெயர் மட்டும் சாகாது.

பலி உண்டா என்றால் கிடையாது. பழங்காலத்தில் விலங்குகளைக் கொன்று இரத்தம் தெளித்து, இறைச்சியைப் பகிர்ந்து உண்டார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. இந்தச் சங்கம் அதைச் செய்வதில்லை. இன மேட்டிமை, போர்வெறி, விலங்குப் பலி ஆகிய மூன்றையும் ஆசாத்ரூவின் பெயரால் நியாயப்படுத்துவதை முழுமையாக நிராகரிக்கிறோம் என்று அது பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது.

இனவெறி பற்றிக் கேட்டவர் காற்றில் கேட்கவில்லை. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இனத்தூய்மை பேசியவர்கள் இந்தத் தெய்வங்களைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள், நாஜிகளின் எஸ்.எஸ். படை தன் சின்னத்தையே ரூன் எனப்படும் பழைய வடக்கத்திய எழுத்துகளிலிருந்து எடுத்தது. இன்றும் அமெரிக்காவில், ஐரோப்பிய வம்சத்தாருக்கு மட்டுமே இந்த வழிபாடு உரியது என்று சொல்லும் ஆசாத்ரூ ஃபோக் அசெம்ப்ளி போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அதற்கு எதிராக, யாருக்கும் கதவு திறந்திருக்கும் என்று சொல்லும் அமைப்புகளும் அங்கேயே இருக்கின்றன. 1987இல் தொடங்கிய தி ட்ரோத் அவற்றில் ஒன்று. 2016இல் பல நாட்டுச் சங்கங்கள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை, அந்த அசெம்ப்ளியோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை என்று அறிவித்தது. அறிக்கையின் பெயரே 127. தீமையைக் கண்டால் அதைத் தீமை என்று சொல் என்று கூறும் ஹாவமாலின் 127ஆம் செய்யுளிலிருந்து எடுத்தது. ஐஸ்லாந்துச் சங்கம் ஒருபால் திருமணத்தை ஆதரித்ததும், ரெய்க்யாவிக்கில் கோவில் கட்டப்போகிறார்கள் என்று 2015இல் உலகமெங்கும் செய்தி பரவியதும், வெளிநாட்டிலிருந்த கடும்போக்கினர் சிலர் அவர்களுக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள். இவர்களை இனவெறியர் என்று சொல்பவர் அந்தக் கடிதங்களை எழுதியவர்களையும் பெற்றவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

அந்தக் கோவிலைப் பற்றியும் ஒரு சொல். ஓஸ்க்யுஹ்லீத் என்ற குன்றின் சரிவில், பாறைக்குள் இறக்கி, மேலே கவிகை வைத்துக் கட்டும் வடிவம் அது. 2015 மார்ச் 20 அன்று, சூரிய கிரகணம் பிடித்திருந்த நேரத்தில் நிலத்தைப் புனிதப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே முடியும் என்றார்கள். கவிகையைக் கட்டுவது லேசான வேலையாக இல்லை, செலவும் ஏறியது. ஆண்டுகள் தள்ளிக்கொண்டே போயின. கோவில் கட்டிய அனுபவமுள்ள எவருக்கும் இது புதிதாக இராது.

கடைசியாக, போய்ப் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பொது ப்ளோட்களுக்கு யாரும் வரலாம். மதம் மாற்றும் வேலையை அவர்கள் செய்வதில்லை, உங்களைச் சேரச் சொல்லியும் யாரும் கேட்கப்போவதில்லை. கோடை நடுவில் போனாலும் மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு உங்கள் கைக்கு வரும்போது பதற வேண்டாம். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால், மனத்தில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி இரண்டு சொட்டுத் தரையில் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம்.