அந்த ஒரு பார்வை போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஐப்பசி மழைக்கு அஞ்சாம குடையோட வந்து உட்கார்ந்திருக்கிற மாயவரத்துப் பெரியவங்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வீட்டை வழிக்குக் கொண்டுவருவது வாய்ச்சொல்லா, முறைப்பா?" இதுதான் தலைப்பு. முறைப்பேன்னு பேச நான் வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேராசிரியர் அய்யா வாய்ச்சொல்தான்னு பேசிட்டுப் போனார். நல்லாத்தான் பேசினார். ஒரு கதை சொன்னார், ஞாபகம் இருக்கா? ஒருநாள் அவர் வீட்டம்மா அவரை முறைச்சாங்களாம். எதுக்குன்னு இவருக்குத் தெரியலை. சீட்டுப் பணம் கட்ட மறந்ததை ஒத்துக்கிட்டாராம். பார்வை மாறலை. தங்கச்சிக்கு யாருக்கும் தெரியாம பணம் அனுப்பினதைச் சொன்னாராம். அப்பவும் மாறலை. மூணாவதா ஒண்ணைச் சொன்னாராம், அதை மேடையில சொல்ல முடியாதுன்னுட்டார். கடைசியில பார்த்தா சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கார், அதுக்குத்தான் அந்த அம்மா பார்த்திருக்காங்க. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா இந்த வம்பு வருமா?"ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க.

அய்யா, நீங்க எந்த அணிக்குப் பேசினீங்க? வாயால சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? "பட்டன் மாறியிருக்குங்க." "அட, ஆமாம்." பட்டனோட விஷயம் முடிஞ்சிருக்கும். ஒரு பார்வைக்கு மூணு வாக்குமூலம்! போலீஸ் ஸ்டேஷன்ல ராத்திரி பூரா உட்கார வச்சாலும் இது வருமா?

அடுத்து, பார்வைக்கு அர்த்தம் தெளிவா இருக்காதுன்னாங்க. அதையும் பார்த்துடுவோம். தீபாவளி முடிஞ்சு ஒரு உறவுக்காரங்க வீட்டுக்குப் போறோம். தட்டுல முறுக்கும் அதிரசமும் வருது. நம்ம பிள்ளை அதிரசத்துக்குக் கையை நீட்டுது. அம்மா திரும்பக்கூட இல்லை, கண்ணு மட்டும் லேசா அந்தப் பக்கம் போகுது. நீட்டின கை அப்படியே தலைக்குப் போயி முடியைக் கோதுது. "வேணாம் அத்தை, இப்பத்தான் சாப்பிட்டேன்." பொய் சொல்லுன்னு அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? அத்தை விடலை. "அட, எடுத்துக்கடா"ங்கறாங்க. இப்ப அம்மாகிட்டேருந்து ரெண்டாவது பார்வை. அதுக்கு அர்த்தம், "எடுத்துக்க, ஒண்ணே ஒண்ணு, சின்னதா." பிள்ளை சரியா அதைத்தான் எடுக்குது! ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரியறது பேராசிரியருக்குப் புரியலைன்னா தப்பு பார்வையிலயா இருக்கு?

இந்த மண்ணுல நின்னுக்கிட்டு பார்வைக்குச் சக்தி இல்லைன்னு பேசலாமா? பக்கத்துலதான் கொருக்கை. சிவன் வீரம் காட்டின எட்டுத் தலம், அதான் அட்டவீரட்டம், அதுல ஒண்ணு, மன்மதனைச் சிவபெருமான் எரிச்ச தலம். தவத்துல இருந்தவர் மேல அம்பு விட்டான். சாமி அவனைத் திட்டினாரா, புத்திமதி சொன்னாரா? பார்த்தார், அவ்வளவுதான், சாம்பல். அவருக்கே அதுக்கு ஒரு கண்ணு கூடுதலா வேண்டியிருந்தது. எங்கம்மா இருக்கிற ரெண்டையே முழுசாத் திறக்க மாட்டாங்க.

அந்தப் பக்கம் ஆலங்குடி. குரு பார்க்கக் கோடி நன்மைங்கறோம். இந்தப் பக்கம் திருநள்ளாறு. சனி பார்வை பட்டுடுச்சுன்னு எள்ளு விளக்கு ஏத்தறோம். சனி பேசினான், அதனால கஷ்டம் வந்துச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கிரகம்கூட பார்வையிலதான் வேலையை முடிக்குது. அதுலயும், ஜோசியக்காரரைக் கேட்டா குருவுக்கு 5, 7, 9, சனிக்கு 3, 7, 10, தலா மூணு வீட்டைப் பார்க்கும்பார். மூணோட சரி. அடுப்படியில நிக்கிற அம்மாவுக்கு கூடம் தெரியும், திண்ணை தெரியும், கொல்லை தெரியும், மாடியில நீங்க போர்வைக்குள்ள போன் பார்க்கிறதும் தெரியும்.

அப்பாக்கள் பார்வை தனி. நம்ம டெல்டா அப்பாக்கள் காலையில பேப்பரைப் பிரிச்சா முதல்ல மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் தேடுவாங்க. 120 அடி முழு உயரத்துல எவ்வளவு நிக்குது, ஜூன் 12-ல திறப்பாங்களா மாட்டாங்களா, குறுவை போடலாமா வேணாமா, எல்லாம் அந்த ஒரு எண்ணுல இருக்கு. அந்த நேரம் பார்த்து மகன் போயி, "அப்பா, கணக்குல 41"ங்கறான். பேப்பர் இறங்காது. மூக்குக்கண்ணாடிக்கு மேல கண்ணு மட்டும் வரும். மேட்டூர் 41 அடின்னு போட்டிருந்தா எப்படிப் பார்ப்பாரோ, அதே பார்வை. திரும்பப் பேப்பருக்குப் போயிடுவார். பையன் அன்னைக்கே டியூஷன் சேர்ந்துடுவான்.

இப்ப எங்க வீட்டுக்கு வாங்க. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டு, பணம் பேங்குல ஏறின மறுநாள். எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஒருத்தர் வந்தார். பணம் ஏறினது எங்களுக்கு முந்தி அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு இன்னும் விளங்கலை, அது இருக்கட்டும். "மாப்ள, ஒரு அம்பதாயிரம் வேணும், தையில தந்துடறேன்"னார். எந்த வருஷத்துத் தைன்னு அவரும் சொல்லலை, இவரும் கேட்கலை. "அதுக்கென்னடா..."ன்னு ஆரம்பிச்சுட்டார். நான் காபி எடுத்துக்கிட்டு வந்தேன். டபராவைக் கீழே வச்சேன். நுரை அடங்கறதுக்குள்ள நிமிர்ந்து ஒரே ஒரு தடவை இவரைப் பார்த்தேன். "அதுக்கென்னடா..."ன்னு ஆரம்பிச்ச வாக்கியம், "...உரக்கடை பாக்கியை அடைச்சுட்டு மிச்சம் இருந்தா பார்ப்போம்"னு முடிஞ்சது. கூட்டாளி காபியைக் குடிச்சுட்டு, "தங்கச்சி கைக்காபி மாதிரி வராது"ன்னு பாராட்டிட்டுப் போனார்.

இதையே நான் வாயால சொல்லியிருந்தா? "ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா"ன்னு கேட்டிருந்தா? எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். இங்கே இருமினா அங்கே கஷாயம் வைப்பாங்க. கூட்டாளி முன்னாடி இவர் தலை குனிஞ்சிருக்கும். அந்த ரோஷத்துலயே அம்பதை எழுபதாக் கொடுத்திருப்பார்! பார்த்ததால என்ன ஆச்சு? பணமும் நின்னது, அவர் மரியாதையும் நின்னது. முடிவு எடுத்தது அவர்தான்னு இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கார். இருக்கட்டுமே.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன். வீட்டுல இருக்கிறவங்களை நடுங்க வைக்கிற பார்வை ஒண்ணு இருக்கு. செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைங்க புத்தகத்துக்குள்ள ஒளியற வீடுகளை நானும் பார்த்திருக்கேன். அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. அது எந்த அணியிலயும் சேராது. நான் பேசறது, முறைச்ச அஞ்சாவது நிமிஷத்துல "சாப்பிட வா"ன்னு கூப்பிடற ஆளோட பார்வையைப் பத்தி. வள்ளுவர் காமத்துப்பால்ல சொல்றார்:

"செறாஅச் சிறுசொல்லும் செற்றார்போல் நோக்கும்
உறாஅர்போன்று உற்றார் குறிப்பு."

பகைவர் மாதிரி பார்ப்பாங்க, ஆனா பகை கிடையாது. வேண்டாதவங்க மாதிரி இருப்பாங்க, உள்ளே வேண்டியவங்க. காதலிக்குச் சொன்னதுதான். கல்யாணம் ஆனதும் குறள் காலாவதி ஆகிடுமா என்ன? அதுல சொல்லும் இருக்கேன்னு எதிரணி எழுந்திருக்கப் போறாங்க. இருக்கு. சிறுசொல்! உங்களை மாதிரி அரைமணி நேரம் பேசச் சொல்லலை.

சிங்கப்பூர்லயும் துபாய்லயும் இருக்கிற பிள்ளைங்ககிட்ட இது பலிக்குமான்னு கேட்டாங்க. வீடியோ கால்ல பாருங்க. பையன் புதுசா தாடி வச்சிருக்கான். அம்மா ஒண்ணும் சொல்லலை, நெட்வொர்க் நின்னுபோன மாதிரி பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மறுவாரம் மழமழன்னு வந்து நிக்கறான்.

மணியடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சுக்கறேன். பேராசிரியர் அய்யா அந்த மூணாவது குற்றத்தை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லலை. சபைக்குத் தெரிஞ்சாகணும். நான் வாயால கேட்கப் போறதில்லை. மைக்கைக் கீழே வச்சுட்டு, இங்கேயே நின்னு, அவரைச் சும்மா பார்க்கப் போறேன். அதோ, துண்டை எடுத்துட்டார்.