பழைய பிரேசில் ஜேர்சி: ஒறிஜினலோ, தோய்க்கலாமோ?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லண்டனில இருக்கிற மாமா, 98 உலகக்கிண்ண பிரேசில் ஜேர்சி எண்டு ஒண்டு அனுப்பினவராம். நைக், பின்னால 9, ரொனால்டோ. "ஒறிஜினலோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? இலக்கம் கையில பிசுபிசு எண்டு ஒட்டுது, தோய்க்கலாமோ?" எண்டு கேக்கிறார்.

முதல்ல நெஞ்சில இருக்கிற சின்னத்துக்கு மேல நட்சத்திரத்தை எண்ணுங்கோ தம்பி. வெண்ட உலகக்கிண்ணம் ஒவ்வொண்டுக்கும் ஒரு நட்சத்திரம். 58, 62, 70 எண்டு மூண்டு தரம் வெண்டதால 94 இல மூண்டோட இறங்கினவை. அதையும் வெண்டாப்பிறகு நாலு. 2002 ஜூன் 30, யோகோஹாமாவில ஜேர்மனியை 2-0 எண்டு அடிச்ச பிறகுதான் அஞ்சு. அப்ப 98 ஜேர்சியில அஞ்சு நட்சத்திரம் இருக்க வழியே இல்லை. இருந்தா மிச்சத்தைப் பாக்கத் தேவையில்லை, பிறகு அடிச்சதுதான்.

நாலு எண்டாலும் அவசரப்படாதேங்கோ. 2002 இல விளையாடேக்கயும் நாலுதான், நைக்தான், ரொனால்டோவுக்கு அப்பவும் 9 தான். கையை உள்ளுக்க விட்டுப் பாருங்கோ: 2002 இல மைதானத்தில போட்டது ரெண்டு அடுக்குத் துணி. கொலரையும் விலாப்பக்கப் பச்சையையும் அந்தந்த வருச மச் படங்களோட வைச்சுப் பாருங்கோ. நாலு நட்சத்திரத்தோட அம்ப்ரோ எண்ட கொம்பனி செய்த ஜேர்சியும் இருக்கு, 94க்குப் பிறகு நைக் வரமுன்னம் வந்தது. அப்பிடி ஒண்டு கிடைச்சா கள்ளச்சாமான் எண்டு எறிஞ்சுபோடாதேங்கோ!

பிறகு உள்பக்கத்தைப் புரட்டுங்கோ. நல்ல தையலெண்டா சின்னத்தின்ர பின்பக்கம் நெருக்கமா, நூல் தொங்காம இருக்கும். மலிஞ்ச கொப்பியில ஒரு நட்சத்திரத்தில இருந்து அடுத்ததுக்கு நூல் வெட்டாம ஓடியிருக்கும். துணிக்குள்ள நிழல் மாதிரிக் கோலம் நெய்திருந்தா மறுபக்கத்திலயும் தெரியவேணும். மேல அடிச்சதெண்டா தெரியாது. பிந்தின நைக் ஜேர்சிகளில விலாத் தையலுக்குள்ள சின்ன லேபல் இருக்கும், அதில ஆறு இலக்கமும் பிறகு மூண்டு இலக்கமும். அதை கூகிளில அடிச்சுப் பாருங்கோ, வேற ஏதும் உடுப்பு வந்தா சந்தேகம்தான். தொண்ணூறுகளின்ர ஜேர்சியில அந்த லேபல் இல்லாட்டி அதை வைச்சு முடிவு கட்டாதேங்கோ.

இனி அந்தப் பிசுபிசுப்பு. இலக்கம் பிளாஸ்ரிக். அதை இளக்கமா வைச்சிருக்கிற எண்ணெய் வருசக்கணக்கில மெல்ல மெல்ல வெளியில கசியும். வெக்கையும் ஈரமும் அதை விரைவாக்கும். தகரக் கூரைக்குக் கீழ றங்குப்பெட்டியில வைச்சா கேக்கவே வேண்டாம். பவுடர் போட்டுத் தேய்க்காதேங்கோ, அதில பிடிச்சுக்கொண்டு போகாது. பெற்றோல், தின்னர் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, இலக்கம் கரைஞ்சுபோகும்.

தோய்க்கலாம், மெசினில வேண்டாம். செம்மண் தூசி இருந்தா காயிற நிலையிலேயே தட்டிவிடுங்கோ, நனைச்சா உள்ளுக்க இறங்கிப்போடும். உள்பக்கத்தைப் புரட்டி, அரை வாளி பச்சைத்தண்ணியில ஒரு தேக்கரண்டி சலவைத் திரவம் விட்டு, இருபது நிமிசம் ஊறவிட்டு, கையால மெதுவா அமத்தி எடுங்கோ. பிரஷ், குளோறின், முறுக்கிப் பிழியிறது ஒண்டும் வேண்டாம். எங்கட கிணத்துத் தண்ணி கனஇடத்தில சுண்ணாம்பு கூடினது, காய்ஞ்சா வெள்ளை படியும். அதால கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணியோ குடிக்கிற பில்டர் தண்ணியோ பாவியுங்கோ. பிறகு துவாயில விரிச்சு நிழலில காயவிடுங்கோ. கம்பிக்கொடியில போட்டா துருக்கறை பிடிக்கும். அயனை இலக்கத்தில வைக்கவே கூடாது.

மடிக்கேக்க இலக்கம் இலக்கத்தில படாம, இடையில கேக் தட்டுக்கு விரிக்கிற ஒட்டாத பேப்பர் வையுங்கோ. பத்திரிகைத்தாள் வேண்டாம், மை பிடிச்சிடும். சொப்பிங் பையில கட்டி வைக்காம பருத்தித் தலையணை உறைக்குள்ள போட்டு, அலுமாரியில கீழ்த்தட்டில வையுங்கோ. வெள்ளைப் பூச்சி உருண்டை அதுக்குள்ள போடாதேங்கோ தம்பி, அந்த ஆவி பிளாஸ்ரிக்கை இன்னும் இளக்கும். பொலியெஸ்ரரைப் பூச்சி பெரிசா அரிக்காது, உருண்டை தேவையே இல்லை.

இன்னொண்டு. இலக்கம் வெடிச்சிருக்கெண்டு கடையில குடுத்துப் புதுசா அடிப்பிக்காதேங்கோ. சேகரிக்கிற ஆக்கள் தேடுறது அந்தக் காலத்து இலக்கத்தைத்தான், வெடிப்போட இருந்தாலும்.