பதினோராவது அடியாள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சித்திரக்கதை வரைகிறவன். திரையில் வரும் அடிதடியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சினிமாவிலேயே இருப்பவர்களை விட்டுவிட்டு, காகிதத்தில் வரைகிறவனிடம் இதைக் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். திரையில் ஓர் அடி விழுந்து முடிய அரை நொடி போதும். அதே அடியை வரைய எனக்கு அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளும் அடி வாங்குகிறவனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் இருந்து எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாகசக் கதைக்கு வரைந்தேன். எழுத்தாளர் கொடுத்த தாளில் ஒரே ஒரு வரி: நாயகன் பதினான்கு அடியாட்களை வீழ்த்திவிட்டு மாடிக்குப் போகிறான். அவருக்கு அது ஒரு வரி. எனக்கு ஆறு பக்கம், மூன்று வாரம். பதினான்கு பேருக்கும் தலைமுடி வேண்டும், சட்டை வேண்டும், காலில் செருப்பா ஷூவா என்று முடிவு செய்ய வேண்டும். ஒருவன் விழுந்த மாதிரியே இன்னொருவன் விழக் கூடாது. பத்துப் பேர் வரைக்கும் சரளமாகப் போய்விட்டது. பதினோராவது ஆள் நெஞ்சில் உதை வாங்கிச் சுவரில் மோதுகிறான். அவனுடைய வலது கை, கட்டத்தின் முன்பக்கத்தில், பெரிதாக, வெறுமையாகத் தெரிந்தது. ஏதாவது வேண்டுமே என்று கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி போட்டேன். பிளாஸ்திரியின்மேல் சின்னதாக ஒரு முயல். குழந்தைகளுக்கென்று படம் போட்டு வருமே, அந்த வகை.

வரைந்த பிறகு பென்சில் நகரவில்லை. இவன் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. காலையில் எதையோ நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டிருக்கிறான். குழந்தை தன்னுடைய பிளாஸ்திரியை எடுத்து வந்து ஒட்டிவிட்டிருக்கிறது. இதையெல்லாம் யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அந்த முயலே சொல்லிவிட்டது. பக்கத்தின் கடைசியில் கூடுதலாக ஒரு சிறு கட்டம் சேர்த்தேன். நாயகன் படியேறிப் போய்விட்டான். தரையில் அந்தக் கை மட்டும் கிடக்கிறது.

பதிப்பகத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். வேகம் குறைகிறது என்றார்கள். அது இல்லாமலேதான் புத்தகம் வந்தது. மூலத்தாள் என்னிடம் இருக்கிறது.

வேகம் குறைகிறது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். அடிபட்டவனைத் திரும்பிப் பார்த்தால் வேகம் குறையத்தான் செய்யும். சண்டைப் படங்களில் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் அதுதான்: திரும்பிப் பார்க்க அவற்றுக்கு நேரமே இல்லை.

இதை வைத்து நான் சண்டைப் படங்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக அமைத்த சண்டையைப் பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஜார்ஜ் மில்லர் இயக்கிய ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படம் 2015-இல் வந்தது. அந்தப் படத்துக்கு வழக்கமான திரைக்கதைக்கு முன்னால் ஸ்டோரிபோர்டுதான், அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த படவரிசைதான், உருவானது. ஏறக்குறைய 3,500 கட்டங்கள். படத்தை எழுதியவர்களில் பிரெண்டன் மெக்கார்த்தி என்ற காமிக்ஸ் ஓவியரும் ஒருவர். ஷாட்டுகள் சரசரவென்று மாறுகின்றன, ஆனாலும் கண் எங்கேயும் தொலைந்துபோவதில்லை. பார்க்க வேண்டிய பொருள் பெரும்பாலும் திரையின் நடுவிலேயே இருக்கும். யார் எந்த வண்டியில், யார் யாரைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம் இது. கேமராவை உலுக்கி, கால் நொடிக்கு ஒரு ஷாட் வெட்டி, யார் கை யார் முகம் என்றே தெரியாமல் எடுக்கிற சண்டைகளில் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. அங்கே ஒரு மனிதன் அடிபட்டான் என்பதே பார்ப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

இன்னொன்று, உடம்பு. மனித மண்டையோடு கடினமானது, கை எலும்புகள் மெல்லியவை. வெறும் கையால் ஓங்கிக் குத்தினால், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பு முறிந்துபோவது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். திரையில் நாற்பது பேரைக் குத்துகிற நாயகனுக்கு விரல்கூட வீங்குவதில்லை. தலையில் அடி வாங்கியவன் திரையில் அமைதியாகத் தூங்கிப்போகிறான். கதைக்கு இனி அவன் தேவையில்லை. நிஜத்தில் ஒருவர் பல நிமிடம் நினைவில்லாமல் கிடந்தால் அது மூளைக் காயம். எழுந்த பிறகும் தலைவலி, மறதி, வாந்தி என்று நாள்கணக்கில் படுத்தும். நீங்கள் கேட்கிற குத்துச் சத்தம்கூடக் குத்தின் சத்தம் இல்லை. ஒலிக்கூடத்தில் இறைச்சித் துண்டையோ தோலையோ அடித்துப் பதிவு செய்கிறார்கள். எலும்பு முறிகிற சத்தத்துக்குச் செலரி என்ற கீரையின் தண்டை ஒடிப்பார்கள். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘டமால்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் பின்னால் அடிபட்டவன் முகத்தை மறைத்துவிடுவோம். நானே அப்படிப் பல முகங்களை மறைத்திருக்கிறேன். வலியை வரைவது கடினம், ‘டமால்’ எழுதுவது சுலபம்.

எங்களிடம் ஒரு நல்ல ஆயுதமும் இருக்கிறது: கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளி. காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸ் வடிவத்திலேயே ஒரு புத்தகம் போட்டார். அதில் ஓர் உதாரணம். முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரம், ஓர் அலறல். அவ்வளவுதான். கோடரியை ஓங்க வைத்தது ஓவியர், அதை இறக்கியது வாசகர். எவ்வளவு ஆழமாக, எந்த இடத்தில் என்பதையெல்லாம் வாசகரேதான் முடிவு செய்கிறார். அதனால் அவரால் கைகழுவிவிட்டுப் போக முடியாது.

சினிமாவுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1925-இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில், படிக்கட்டில் மக்களைச் சுட்டு விரட்டும் காட்சியின் முடிவில், ஒரு வீரன் வாளை வீசுகிறான். உடனே ஒரு பெண்ணின் முகம். மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணில் இருந்து ரத்தம் வழிகிறது. வாள் முகத்தில் பட்ட கணம் படத்தில் இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடமாக அந்தக் கண்ணாடி உடைந்தபடியே பார்க்கிறவர் மனதில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்குப் படத்தில் பெயர் கிடையாது. ஆனால் அந்தக் கண்ணாடி இருக்கிறது. தினமும் எடுத்து மாட்டிக்கொள்கிற கண்ணாடி.

இங்கே ஒரு கேள்வி வரும். அப்படியானால் ரத்தத்தைக் காட்டாமல் இருந்தால் போதுமா? போதாது. எங்கள் துறை இந்தப் பாடத்தை மிக மோசமான வழியில் கற்றது.

1954 ஏப்ரல் மாதம், அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் காமிக்ஸ் பற்றி விசாரணை நடத்தியது. திகில் கதைகள் வெளியிட்ட வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொன்னார். செனட்டர் கீஃபாவர் ஓர் அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டினார்: ஒரு கையில் கோடரி, இன்னொரு கையில் ஒரு பெண்ணின் துண்டித்த தலை. இது ரசனையான படமா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு ஆமாம் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்தில் இருந்து ரத்தம் சொட்டுவது தெரிந்தால் அப்போது மோசமான ரசனை என்று சொல்லலாம் என்றார். அவரைப் பலர் கண்டித்தார்கள். ஒரு ஓவியனாக எனக்கு அவர் சொன்னது புரிகிறது, தலையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது உண்மையிலேயே நாங்கள் எடுக்கிற முடிவுதான். ஆனால் அந்தப் பதிலில் அந்தப் பெண் எங்கேயும் இல்லை. ரத்தத்தின் அளவு மட்டும்தான் இருந்தது. என்னைத் தொந்தரவு செய்வது அதுதான்.

அதே வருடம் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். தேவைக்கு மீறிய கத்தி, துப்பாக்கிச் சண்டை, கோரமான குற்றங்கள் எல்லாம் கூடாது என்றார்கள். சரி. அதே வரியில் உடல் வேதனையையும் காட்டக் கூடாது என்று சேர்த்துவிட்டார்கள். எனவே குத்து தங்கிவிட்டது, வலி போய்விட்டது. பல வருடம் நாயகர்கள் கட்டடங்களை இடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். யாருக்கும் எங்கேயும் வலிக்கவில்லை.

இன்றைய சாகசப் படங்களும் அதே பாதையில்தான் போகின்றன. அமெரிக்காவில் 1984-இல் பிஜி-13 என்ற சான்றிதழ் வந்தது. பெற்றோருக்கு எச்சரிக்கை உண்டு, குழந்தைக்கு நுழையத் தடை கிடையாது. பெரிய செலவில் எடுக்கும் சாகசப் படங்கள் பெரும்பாலும் அதைக் குறிவைக்கின்றன. அதற்காக ரத்தத்தைக் குறைக்கிறார்கள். சாகிறவர்கள் எண்ணிக்கை குறைவதில்லை. ஊரே தரைமட்டமாகிறது, ஒரு துளி ரத்தம் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பாதுகாப்பானது என்று நம்புகிறோம். எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒருவன் அடிபட்டு, வலித்து, அழுது, மறுநாள் எழ முடியாமல் கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அடி என்றால் என்னவென்று தெரியும். பொம்மை மாதிரி சரிகிற முந்நூறு பேரைப் பார்த்த பிள்ளைக்கு என்ன தெரியும்?

அந்த முந்நூறு பேராகவும் விழுகிறவர்கள் ஸ்டண்ட் கலைஞர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தைமேல் விழுந்தாலும் உடம்பு உடம்புதானே. வலி தெரியக் கூடாத பாத்திரங்களுக்காக நிஜமாகவே வலியைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது நானே எழுதி நானே வரைகிற கதை ஒன்று மேசையில் இருக்கிறது. பதினோராவது ஆளை அதில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். சண்டை மாடிக்கு நகர்ந்துவிட்டது. மேலே இருந்து சத்தம் மட்டும் வருகிறது. முதல் கட்டத்தில் அவன் சுவரில் சாய்ந்து மெல்ல எழுந்து உட்கார்கிறான். இரண்டாவது கட்டத்தில் பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்க்கிறான். மூன்றாவதில் இடது கை விரலால் அதை அழுத்தி ஒட்டப் பார்க்கிறான், வியர்வையில் ஒட்டவில்லை. முயலின் ஒரு காது மடங்கியிருக்கிறது. நான்காவது கட்டம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. இந்த ஒலிப்பதிவு முடிந்ததும் போய் உட்கார வேண்டும்.

நன்றி. வணக்கம்.